வெண்ணெய்ச் சோறும் பாட்டியின் மிளகுப்பொடியும்

ஜனவரி 4, மாலை. வாசகர் ஒருவரின் கேள்வி

"வெண்ணெய் போட்டால் எதுவும் ருசிக்கும். சோறு, ரொட்டி, முட்டை, உருளைக்கிழங்கு, எதில் போட்டாலும் சரி. இதில் 'பாட்டியின் கைப்பக்குவம்' எங்கிருந்து வந்து நுழைந்தது? அது வெறும் ஏக்கம். பாட்டி போட்ட அளவை நாம் போடப் பயப்படுகிறோம், வித்தியாசம் அவ்வளவுதான். மறுப்பவர்கள் மறுக்கலாம்."

ஜனவரி 4, இரவு

மறுக்கிறேன்.

எங்கள் பாட்டி செய்த வெண்ணெய்ச் சோற்றில் நான்கே பொருள்கள். சோறு, வெண்ணெய், உப்பு, மிளகு. காய்ச்சல் விட்ட மறுநாள் கிடைக்கும். பரீட்சை முடிந்த அன்று கிடைக்கும். வீட்டில் யாராவது அழுதிருந்தால், ஏன் என்று கேட்காமல் அன்று இரவும் கிடைக்கும். அடி கனத்த சட்டியை முன்னால் வைத்துக்கொண்டு தரையில் உட்காருவார். நாங்கள் நான்கு பேர் சுற்றி உட்காருவோம். சோற்றைப் பிசைந்து எலுமிச்சை அளவுக்கு உருட்டி, ஆளுக்கு ஒன்றாக உள்ளங்கையில் வைப்பார். உருண்டை பளபளவென்று இருக்கும், ஆனால் கையில் எண்ணெய் வழியாது. வெள்ளைச் சோற்றில் மிளகுப்பொடி பழுப்பும் கறுப்புமாகப் புள்ளி போட்டிருக்கும். வாயில் போட்டால் முதலில் உப்பு, பிறகு வறுத்த ஏதோ ஒன்றின் மணம், கடைசியில் காரம்.

இதே நான்கு பொருள்களையும் வாங்கி வைத்துக்கொண்டு இருபது வருடமாக முயல்கிறேன். வரவில்லை. அளவுதான் காரணம் என்றால் எப்போதோ வந்திருக்க வேண்டும். அளவில் நான் ஒருபோதும் கஞ்சத்தனம் செய்ததில்லை, என் இடுப்பைக் கேட்டால் சொல்லும்.

ஜனவரி 5, பகல்

எழுதிய சூட்டோடு இன்று ஒருமுறை செய்து பார்த்தேன். சோறு வடித்து இறக்கிய நேரத்தில் தொலைபேசி வந்தது. பத்து நிமிடம் பேசிவிட்டு வந்து வெண்ணெயைப் போட்டேன். உருகினாற்போல உருகி, பாதியில் மனம் மாறிவிட்டது. மெழுகு பூசிய சோறு. மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்றது.

வெண்ணெய் உருகுவது ஏறக்குறைய 32 முதல் 35 டிகிரி சூட்டில். நம் வாயின் சூடு அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். நாக்கில் வைத்ததும் கரைகிறதே, அந்தச் சுகத்துக்குக் காரணம் இந்தச் சின்ன இடைவெளிதான். சோறு ஆறிப்போனால் அந்தச் சுகம் அப்படியே திரும்பி நம்மைக் கடிக்கிறது. ஆகவே முதல் பாடம்: தொலைபேசியை எடுக்காதீர்கள்.

ஜனவரி 5, இரவு

உப்பு வெண்ணெயா, உப்பில்லாததா என்று கேட்டிருக்கிறீர்கள். உப்பில்லாதது. கடையில் வாங்கும் உப்பு வெண்ணெயில் உப்பு சீராகக் கரைந்து ஒரே சுருதியில் இருக்கும். பாட்டியின் உருண்டையில் அங்கங்கே கல் உப்பு நெரிபடும். அந்த நெரிபடும் சத்தம் எனக்கு ருசியின் கணக்கில் சேர்த்தி.

ஜனவரி 8

குற்றவாளி வெண்ணெயேதான் என்று முடிவுக்கு வந்துவிட்டேன். பாட்டி காலத்தில் வெண்ணெய் வீட்டில் எடுத்தது. இன்று நான் வாங்குவது காகிதத்தில் சுற்றிய செங்கல். தினமும் பால் காய்ச்சி ஆறியதும் மேலே படியும் ஏட்டை ஒரு கிண்ணத்தில் சேர்க்கத் தொடங்கியிருக்கிறேன். மேலே ஒரு தேக்கரண்டி தயிர் ஊற்றி உறைய விட்டாயிற்று. பத்து நாள் பொறுங்கள்.

ஜனவரி 10

கிண்ணத்தை மூட மறந்து, பாதி நறுக்கிய வெங்காயத்துக்கு அருகில் வைத்திருந்தேன். பால் கொழுப்பைப் போல வாசனையைத் திருடும் பொருள் வேறில்லை. ஏடு முழுவதும் வெங்காயம். வீட்டில் யாரும் எதுவும் சொல்லவில்லை, அதுதான் அதிகம் வலித்தது. முதலிலிருந்து தொடங்குகிறேன்.

ஜனவரி 20

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்று சொல்வார்கள். எங்கள் வீட்டில் மிக்சியின் மூடி கழன்றது. சுவரைத் துடைத்துவிட்டு இப்போதுதான் உட்காருகிறேன். நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், இந்தத் தவறைச் செய்ய இன்னும் நிறையப் பேர் வரிசையில் நிற்பீர்கள்.

ஏடு கெட்டியாக இருந்ததால் இளக்கலாம் என்று மதியம் வெளியே எடுத்து வைத்தேன். நன்றாகவே இளகிவிட்டது. மிக்சியில் ஓடவிட்டால் திரளவே இல்லை. பாத்திரத்தின் சுவரெல்லாம் வழவழவென்று எண்ணெய்ப் பசையாக ஒட்டிக்கொண்டது. இன்னும் வேகமாக ஓட்டினால் சரியாகும் என்று என் மூளை சொன்னது. இன்னும் சூடாகியது. மூடி கழன்றது அப்போதுதான்.

மிச்சத்தை ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, ஐஸ் தண்ணீர் ஒரு தம்ளர் ஊற்றி, விட்டு விட்டு ஓட்டினேன். முதலில் நுரை. பிறகு கெட்டியான களி. அந்த இடத்தில் நிறுத்தத் தோன்றும், நிறுத்தக் கூடாது. சட்டென்று மிக்சியின் குரல் மாறியது. கரகரவென்று அரைத்துக்கொண்டிருந்தது சளக் சளக்கென்று அலசத் தொடங்கியது. திறந்து பார்த்தால் மோர் வேறு, வெண்ணெய் வேறு. ரவை அளவுக்கு மஞ்சள் மணிகள் மிதக்கின்றன. கையால் அள்ளி ஒன்றுசேர்த்தபோது என் வயதுக்குப் பொருந்தாத ஒரு சத்தம் போட்டேன்.

கடைவதற்கு ஏடு ஏறக்குறைய 10 முதல் 15 டிகிரி குளிர்ச்சியில் இருக்க வேண்டும். அதைவிடக் குளிர்ந்தால் கொழுப்பு மணிகள் கல்லாகி ஒன்றோடொன்று ஒட்டாது. சூடானால் என் சுவர்.

ஜனவரி 21

நேற்றைய வெண்ணெயில் செய்த சோறு: நல்ல சோறு. மென்மை, லேசான புளிப்பு, வாயில் போட்டதும் காணாமல் போகிறது. மனைவி இரண்டு முறை போட்டுக்கொண்டார். ஆனால் பாட்டியின் சோறு இது இல்லை. வறுத்த மணம் எங்கே?

நிறத்தைப் பற்றி ஒரு திருத்தம். வெண்ணெய் மஞ்சளாக வந்ததைப் பார்த்து "நல்ல மாடு" என்று வேறு ஓர் இடத்தில் பெருமையாக எழுதிவிட்டேன். மஞ்சள் நிறம் மாடு தின்ற பச்சைப் புல்லிலிருந்து வரும் பீட்டா கரோட்டின். எருமையும் ஆடும் அதை வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடுவதால் அவற்றின் வெண்ணெய் வெள்ளையாக இருக்கிறது. வெள்ளை என்றால் மட்டம் என்று பொருள் இல்லை. பெயரிலேயே வெண்மை இருக்கும்போது நான் இதை யோசித்திருக்க வேண்டும்.

ஜனவரி 22

இன்னொரு திருத்தமும். வெண்ணெய் என்றால் கொழுப்பு என்று பேசிக்கொண்டே போகிறேன். பல நாடுகளின் விதிப்படி வெண்ணெயில் கொழுப்பு குறைந்தது 80 சதவீதம், தண்ணீர் அதிகபட்சம் 16 சதவீதம். இவை தவிர இரண்டு சதவீதம்போலப் பாலின் புரதமும் சர்க்கரையும் உப்புகளும். சட்டியில் போட்டதும் சடசடவென்று கத்துவது கொழுப்பு இல்லை, அந்தத் தண்ணீர்தான். ஏடு என்பது தண்ணீருக்குள் கொழுப்பு மிதப்பது. கடைந்ததும் அது தலைகீழாகிக் கொழுப்புக்குள் தண்ணீர் அடைபட்டுக் கிடக்கிறது. முந்தாநாள் மிக்சியின் குரல் மாறியது அந்தத் தலைகீழ்த் திருப்பத்தில்தான்.

இந்த இரண்டு சதவீதத்தை நினைவில் வைத்திருங்கள். நான் வைத்திருக்கவில்லை.

ஜனவரி 24

தலைப்புக்குச் சம்பந்தமில்லாத ஒன்று. நடுவில் எங்கள் வீட்டில் நாலைந்து வருடம் வெண்ணெயே கிடையாது. இதயத்துக்கு நல்லது என்று யாரோ சொல்லி அம்மா மார்கரினுக்கு மாறியிருந்தார். மார்கரின் 1869இல் பிரான்ஸில் பிறந்தது. ராணுவத்துக்கும் ஏழைகளுக்கும் மலிவான வெண்ணெய் வேண்டும் என்று மூன்றாம் நெப்போலியன் பரிசு அறிவிக்க, மெஜ் மூரியே என்ற வேதியியலாளர் மாட்டுக் கொழுப்பிலிருந்து செய்து கொடுத்தார். பிறகு அது தாவர எண்ணெய்க்கு மாறியது. எண்ணெயைக் கெட்டியாக்கிய முறையில் உண்டான டிரான்ஸ் கொழுப்பு வெண்ணெயைவிடவும் இதயத்துக்குக் கெடுதல் என்பது மிகவும் பின்னால்தான் தெரியவந்தது.

அந்த வருடங்களில் பாட்டி மார்கரின் டப்பாவைத் தொட்டதே இல்லை. மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "இதற்கு ஊர் பெயர் தெரியாது" என்று சொல்லி மூடி வைத்ததைப் பார்த்திருக்கிறேன். அம்மா அன்று சாப்பிடவில்லை. இரண்டு பேரும் நல்லதற்குத்தான் சண்டை போட்டார்கள்.

ஜனவரி 26, மாலை

அத்தையிடம் பேசினேன். இதைப் பத்து வருடத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டும்.

இருபது நாளாக ஏடு சேர்த்தது, கடைந்தது, சுவர் துடைத்தது எல்லாவற்றையும் சொன்னேன். அத்தை பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். நிறுத்தவே இல்லை. கடைசியில், "என் அம்மா எப்போது உங்களுக்கு வெண்ணெய் போட்டார்கள்? நெய் காய்ச்சிய சட்டியில் மிச்சம் இருக்கும் கசடைத்தான் போட்டார்கள்" என்றார்.

நெய் டப்பாவில் போய்விடும். விருந்தாளிக்கு, விசேஷத்துக்கு. சட்டியின் அடியில் பழுப்பாக ஒட்டிக்கொண்டு நிற்கும் கசடு பிள்ளைகளுக்கு. "அப்படியானால் ஏன் வெண்ணெய்ச் சோறு என்று சொன்னார்கள்?" என்று கேட்டேன். "கசட்டுச் சோறு என்று சொன்னால் நீ சாப்பிட்டிருப்பாயா?"

"மிளகு போடுவாரே?" என்று கேட்டேன். "எந்த மிளகு?" என்றார்.

அந்தப் பழுப்புப் புள்ளிகள்.

ஜனவரி 26, நள்ளிரவு

தூக்கம் வரவில்லை. முதலில் வந்தது கோபம், ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குக் கிடைத்தது கழிவா? நாற்பது வருடம் கழித்து அந்தச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்த நான்கு பிள்ளைகளுக்காக எனக்கு ரோஷம் வந்தது.

பிறகு யோசித்தேன். நெய் காய்ச்சுவது மாதத்துக்கு இரண்டு முறையோ மூன்று முறையோ. எனக்குக் காய்ச்சல் விட்ட நாளும் நெய் காய்ச்சிய நாளும் எப்படி ஒன்றாக வந்தன? யாராவது அழுத இரவில் எப்படிச் சட்டியில் கசடு தயாராக இருந்தது? ஒன்று, என் நினைவு பொய். இல்லையென்றால், அந்த இரவுகளில் பாட்டி எங்களுக்காகவே வெண்ணெயை எடுத்து அடுப்பில் வைத்தார். தெரியவில்லை. நாளைக்கு அக்காவிடம் கேட்க வேண்டும்.

ஜனவரி 27

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன் என்பார்கள். நான் கையில் நெய்யை வைத்துக்கொண்டு கசடுக்கு அலைகிறேன்.

இப்போது அந்த இரண்டு சதவீதத்துக்கு வருவோம். வெண்ணெயை மிதமான சூட்டில் வைத்தால் முதலில் உருகும், பிறகு வெள்ளை நுரை கட்டிக்கொண்டு சடசடக்கும். தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியை விட்டு அதிகம் ஏறாது, ஆகவே எதுவும் கருகாது. இந்தக் கட்டம் நீளமானது, எனக்குச் சலிப்பூட்டுவது. தண்ணீர் தீர்ந்ததும் சத்தம் அடங்கும். அந்த நொடியிலிருந்து சூடு விறுவிறுவென்று ஏறும், பாலின் புரதமும் சர்க்கரையும் ஒன்றோடொன்று வினைபுரிந்து பழுக்கத் தொடங்கும். ரொட்டியின் மேல்தோலைப் பழுப்பாக்குவதும் இதே வினைதான். வெள்ளைத் துகள்கள் பொன்னிறமாகி, செங்கல் நிறமாகி, கவனிக்காவிட்டால் கரியாகும். பொன்னிறத்துக்கும் கரிக்கும் நடுவே இருப்பது சில நொடிகள்.

பிரெஞ்சுக்காரர்கள் பழுப்பாக்கிய வெண்ணெயைக் கொட்டைப் பருப்பின் பெயரால் அழைக்கிறார்கள், அந்த மணத்துக்காக. மீனுக்கும் காய்க்கும் மேலே ஊற்றுகிறார்கள். அவர்கள் கசடோடு சேர்த்து ஊற்றுகிறார்கள், எங்கள் வீட்டில் வடிகட்டிவிட்டுக் கசடைப் பிள்ளைகளுக்கு வைத்தார்கள். பொருள் ஒன்றுதான், யாருக்குப் போகிறது என்பதில்தான் வேறுபாடு.

ஜனவரி 27, சற்றுப் பிறகு

கடை வெண்ணெய் 100 கிராம் காய்ச்சிப் பார்த்தேன். கிடைத்த கசடு ஒரு தேக்கரண்டிகூட இல்லை. மணம் இருக்கிறது, ஆனால் மெலிந்த மணம். நான்கு பிள்ளைகளுக்கு இது எந்த மூலைக்கு?

ஜனவரி 28

பதில் கிடைத்துவிட்டது, கேவலமான பதில். வீட்டில் எடுத்த வெண்ணெயைப் பலமுறை குளிர்ந்த நீரில் கழுவ வேண்டும், மோர் நின்றால் புளித்துக் கெட்டுப்போகும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் ஐந்து முறை கழுவினேன். அத்தையிடம் கேட்டேன், பாட்டி எத்தனை முறை கழுவுவார் என்று. "ஒருமுறை தண்ணீரைக் காட்டுவார்கள், அவ்வளவுதான். உடனே காய்ச்சப் போகிறோம், எதற்குக் கழுவ வேண்டும்?" மோர் அதிகம் நின்ற வெண்ணெயில் பால் புரதமும் அதிகம். கசடும் அதிகம். அதிலும் புளித்த மோர். நான் கழுவிக் கழுவி ஊற்றியது பாட்டியின் மணத்தைத்தான்.

கடை வெண்ணெயை வைத்தே செய்ய விரும்புகிறவர்களுக்கு ஒரு குறுக்குவழி: 100 கிராமுக்கு ஒரு மேசைக்கரண்டி பால் பவுடர் சேர்த்துக் காய்ச்சுங்கள். கசடு அள்ளும் அளவுக்கு வரும். புளிப்பு மட்டும் இருக்காது.

ஜனவரி 29

கொலஸ்ட்ரால் பற்றி எழுதியவருக்கு: ஆமாம். குறைவாகச் சாப்பிடுங்கள். தினமும் சாப்பிடச் சொல்லி நான் எங்கே எழுதினேன்? எங்கள் வீட்டில் ஆளுக்கு ஓர் உருண்டை, இரண்டாவதைக் கேட்டால் முறைப்புதான் கிடைக்கும்.

பிப்ரவரி 1

அக்கா பேசினாள். அத்தையின் சாட்சியத்தில் பாதியை உடைத்துவிட்டாள்.

மிளகு உண்டு என்கிறாள். தானே உரலில் இடித்துக் கொடுத்திருக்கிறாளாம், விரலில் அடிபட்ட தழும்பைக்கூடக் காட்டத் தயார் என்கிறாள். அப்படியானால் பழுப்புப் புள்ளி கசடு, கறுப்புப் புள்ளி மிளகு. முதல் நாள் நான் "பழுப்பும் கறுப்புமாக" என்று எழுதியிருக்கிறேன், மேலே போய்ப் பாருங்கள். என் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது, பெயர்தான் தவறாக வைத்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொன்னாள். கசடைக் கரண்டியால் எடுத்துச் சோற்றில் போட்டதே இல்லை. சோற்றைத்தான் சட்டிக்குள் போட்டார். சுடச்சுட, வடித்த கையோடு. சோற்றின் ஈரம் சட்டியின் அடியில் பிடித்திருக்கும் பழுப்பை இளக்கி எடுக்கும். சட்டியைத் துடைப்பதுபோலச் சுற்றிச் சுற்றிப் பிசைவார். கடைசியில் சட்டி கழுவவே வேண்டாத அளவுக்குப் பளிச்சென்று இருக்குமாம்.

அந்தச் சட்டி ஏன் பாட்டியின் முன்னால் இருந்தது என்று இத்தனை வருடமாக நான் யோசித்ததே இல்லை. சோற்றுப் பானையை ஏன் கொண்டுவரவில்லை? சட்டியை ஏன் கொண்டுவந்தார்? கண் முன்னால் இருந்த சட்டி.

அழுத இரவுகளைப் பற்றியும் கேட்டேன். அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. "அழுதது பெரும்பாலும் நீதான்" என்று மட்டும் சொன்னாள்.

பிப்ரவரி 2

வந்துவிட்டது.

முழுவதும் இல்லை. ஆனால் வந்துவிட்டது. ஒருமுறை மட்டும் கழுவிய வெண்ணெய், ஏறக்குறைய 200 கிராம். அடி கனத்த, உள்ளே வெளிறிய சட்டி. கறுத்த இரும்புச் சட்டி வேண்டாம், துகள் பழுப்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. சத்தம் அடங்கியதும் தீயை இன்னும் குறைத்தேன். இரண்டாம் முறையாகப் பொடி நுரை எழும்பி மேலே மூடியது. கரண்டியால் நுரையை ஒதுக்கி அடியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வறுத்த வேர்க்கடலைத் தோல் நிறம் வந்ததும் இறக்கி, நெய்யை வடித்து ஊற்றினேன். இறக்கிய பிறகும் சட்டியின் சூட்டில் பழுத்துக்கொண்டே போகும், ஆகவே உங்களுக்குப் பிடித்த நிறத்துக்கு ஒரு படி முன்னால் இறக்குங்கள்.

உடனே சோறு. ஆவி பறக்கச் சட்டிக்குள் விழுந்ததும் 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். ருசிக்கு முன்னால், மணத்துக்கு முன்னால், அதுதான் வந்து தோளைத் தட்டியது.

கல் உப்பு, இடித்த மிளகு. கையைச் சுட்டுக்கொண்டேன். பாட்டியின் கை எதனால் செய்தது என்று தெரியவில்லை. முதல் உருண்டையை அடுப்படியிலேயே நின்றபடி சாப்பிட்டேன். யாருக்கும் கொடுக்கவில்லை.

பிப்ரவரி 3

மீந்த நெய்யை என்ன செய்தாய் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். டப்பாவில் இருக்கிறது. விருந்தாளி வரட்டும்.

பிப்ரவரி 9

வேறு வெண்ணெய் விவகாரம். மனைவியின் வீட்டில் வெண்ணெய் அடுப்புக்கே போகாது. எதுவானாலும் இறக்கிய பிறகு மேலே ஒரு குளிர்ந்த துண்டு. வேகவைத்த உருளைக்கிழங்கை மசித்தால் மேலே, சூப் என்றால் மேலே, நூடுல்ஸ் என்றால் வேகவைத்த தண்ணீர் இரண்டு கரண்டி விட்டு மேலே. தீயை அணைத்துவிட்டுக் குளிர்ந்த வெண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுச் சட்டியை ஆட்டினால் அது தண்ணீரோடு கலந்து பாலேடுபோல வழவழப்பாக நிற்கும். கொதிக்கவிட்டால் பிரிந்து எண்ணெய்க் குளமாகும். எங்கள் வீட்டு வழி பழுப்பு, அவர்கள் வழி வழவழப்பு. பதினெட்டு வருடமாக இது தீரவில்லை, தீர வேண்டிய அவசியமும் இல்லை.

முட்டையில் மட்டும் நான் கட்சி மாறிவிட்டேன். குறைந்த தீ, வெண்ணெய் நுரைத்து அடங்கும் நேரத்தில் முட்டை, பழுப்பே தெரியாத ஓரம். பாட்டி இதைப் பார்த்திருந்தால் முட்டை வேகவில்லை என்று திருப்பி அனுப்பியிருப்பார்.

ரொட்டிக்கு இரண்டு பக்கமும் வெண்ணெய் தடவ வேண்டுமா என்ற கேள்விக்குள் நான் நுழையமாட்டேன். போன வருடம் நுழைந்தேன், மைத்துனர் இன்னும் சரியாகப் பேசுவதில்லை.

பிப்ரவரி 15

முதலில் கேள்வி கேட்டவருக்கு.

நேற்று பையனின் நண்பன் ஒருவன் வந்திருந்தான். பத்து வயது. சட்டிச் சோற்றில் ஓர் உருண்டை கொடுத்தேன். மென்றான், விழுங்கினான், "நன்றாக இருக்கிறது மாமா, சர்க்கரை இருக்கிறதா?" என்றான். என் பையனும் அவனோடு சேர்ந்து சர்க்கரை கேட்டான். இரண்டு பேரும் சர்க்கரை தூவிச் சாப்பிட்டுவிட்டு விளையாடப் போய்விட்டார்கள்.

ஆகவே ஏக்கம் என்று நீங்கள் சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். 'ஸ்ஸ்' என்ற சத்தம் அந்தப் பையனின் தோளைத் தட்டவில்லை. ஆனால் அளவு என்று சொன்னீர்களே, அதை ஒப்புக்கொள்ளமாட்டேன். எங்கள் பாட்டி உங்களைவிடக் குறைவாகவே போட்டார். நெய் முழுவதும் டப்பாவுக்குப் போன பிறகு மிஞ்சிய இரண்டு சதவீதத்தில் நான்கு பேருக்குச் சோறு போட்டார்.

சர்க்கரை போட்டு நானும் ஒரு வாய் பார்த்தேன். மோசமில்லை. அக்காவிடம் சொல்லிவிடாதீர்கள்.

பிப்ரவரி 22

இன்று மறுபடி காய்ச்சினேன். பையனுக்கு நேற்றுதான் காய்ச்சல் விட்டது. அடுத்த அறையில் படுத்துக்கொண்டு ஏதோ படித்துக்கொண்டிருந்தான். நான் அடுப்பைச் சிறு தீயில் வைத்துவிட்டு, இந்த இழையில் புதிதாக வந்த கேள்விகளுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். அயர்லாந்துச் சதுப்பு நிலங்களில் பல நூற்றாண்டுகளுக்கு முன் புதைத்த வெண்ணெய் இன்றும் கிடைக்கிறதே, அதைப் பற்றி விரிவாக எழுதிக்கொண்டிருந்தேன்.

"அப்பா, சத்தம் நின்றுவிட்டது" என்று உள்ளிருந்து குரல் கொடுத்தான்.

நான் அவனுக்கு எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஒரு மாதமாக இதே சடசடப்பைக் கேட்டுக்கொண்டு அந்த அறையில் இருந்திருக்கிறான், அவ்வளவுதான். எந்தச் சத்தம் என்று அவனைக் கேட்டு, அவன் சொன்ன பதிலை இங்கே எழுத வேண்டும் என்று நினைத்து, இரண்டு வரி எழுதியும்விட்டேன்.

கருகிவிட்டது. சட்டியை ஊறப்போட்டிருக்கிறேன். அவனுக்கு ரொட்டி, ஒரு பக்கம் மட்டும் வெண்ணெய்.